தானாகப் போனவர்

தாராவி,
12-12-1963

அன்புள்ள அண்ணன் பிரம்மநாயகம் அவர்களுக்குத் தங்கை பேராச்சி வணக்கத்துடன் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மதினி சுகத்துக்கும் எழுதவும். மதினியின் மூட்டுவலிக்கு மாட்டுங்காவில் ஒரு தைலம் விற்கிறார்கள். ஊருக்கு வருகிற ஆளிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழியில் அவனே தேய்த்துக்கொள்ளாமல் இருந்தால் வந்து சேரும்.

நிற்க. அப்பா போய் வருஷம் ஒன்று முடிந்துவிட்டது. திதி கொடுத்த அன்று நம் வாகைநேரி ஆட்கள் எல்லோரும் என் கடை வாசலில் கூடிவிட்டார்கள். கருப்பட்டியும் புளியும் விற்கிற கடைதான், ஆனால் எந்தப் பஞ்சாயத்தும் அங்கேதான் நடக்கும். அன்று ஒரு நல்ல முடிவு எடுத்தோம். எங்கள் சந்திலேயே வடக்குவாசெல்வி அம்மனுக்கு ஒரு பீடம் போட்டு, வருகிற ஆடியில் திருவிழாவாகக் கொடை கொடுப்பது. கொடைக்கு ஊருக்கு வர யாருக்கும் லீவு கிடைப்பதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மன் முகத்தைப் பார்த்ததே இல்லை. கேட்டால் 'ஊர்ல இருக்காளே அந்த தேவியா?' என்கிறார்கள்.

பீடம் போட ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் வேண்டும். கோயில் பொறுப்பு உங்கள் கையில். கேட்கிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இங்கே முதலில் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது, அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, என் தாத்தாவும் உங்கள் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். நான் கேட்காமல் வேறு யார் கேட்பது. மாப்பிள்ளை சொல்கிறார், "ஒரு பிடி மண்ணுதான? ஒங்க அண்ணன் ஒரு வண்டி மண்ணையே கெட்டி அனுப்புவாரு."

பதில் எதிர்பார்க்கும் தங்கை,
பேராச்சி

&nbsp;

வாகைநேரி,
6-1-1964

அன்புத் தங்கை பேராச்சிக்கு அண்ணன் பிரம்மநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நாங்கள் சுகம். தைலம் வந்து சேர்ந்தது. உன் மதினி காலையும் மாலையும் தேய்ப்பதில் வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது. வலி குறைந்திருக்கிறது, என்னைத் திட்டுகிற சத்தம் கூடியிருக்கிறது.

நிற்க. உன் கடிதம் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் அம்மன் பம்பாய் போகிறாள் என்றால் யாருக்குப் பெருமை. பங்காளிகளைக் கூட்டிப் பேசினேன். எல்லோரும் ஒரே வாயாகச் சரி என்றார்கள். நான் சொல்லி இந்த ஊரில் யார் மறுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். பிடிமண் வாங்குகிற குடும்பத்தின் தலைப்பிள்ளை, தன் குடும்பம் எப்படி ஊரை விட்டுப் போனது என்று அம்மன் பேரில் சூடம் அணைத்துச் சத்தியமாகச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். அதைத்தான் பிறகு கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டில் பாடுவார்கள். உங்கள் குடும்பத்துக்கு நீதான் தலைப்பிள்ளை. நீ அங்கே பீடத்துக்கு முன்னால் சொன்னால் போதும், ஊருக்கு வர வேண்டாம். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதை நானே எழுதி வைத்துவிட்டேன்: 'என் தாத்தா கணேசபாண்டியன், அண்ணன் பூலோகத்தின் ஆசியோடு, பிழைப்புத் தேடித் தானாக மனம் விரும்பிப் பம்பாய் போனார்.' அவ்வளவுதான்.

அப்படியே சொல்வதாக ஒரு வரி எழுதிவிடு. தை கடைசிச் செவ்வாயில் மண் எடுத்துவிடலாம். மாப்பிள்ளை இசக்கிப்பாண்டிக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
பிரம்மநாயகம்

&nbsp;

தாராவி,
21-1-1964

அன்புள்ள அண்ணனுக்குப் பேராச்சி எழுதுவது. நாங்கள் சுகம். பொங்கலுக்கு மாட்டுங்கா போய்க் கரும்பு வாங்கி வந்தேன். ரயிலில் அதை நிறுத்தி வைக்க இடமில்லாமல் ஒரு மராட்டிக்காரர் மடியில்தான் சாய்த்தேன். அவர் திட்டவில்லை, ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். மதினிக்கு வலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம்.

நிற்க. நீங்கள் எழுதி அனுப்பிய வரியை மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன்.  அண்ணே, என் அப்பா சொன்னது அது இல்லை.

தாத்தா இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். கொடைக்கு அம்மன் சப்பரம் வரும்போது யார் வாசலில் முதலில் நிற்பது என்று தகராறு. இதைக் கேட்டு நான் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். ஒரே சுவர் வீட்டில் சப்பரம் இந்த வாசலில் நின்றால் என்ன, நாலு அடி தள்ளி நின்றால் என்ன. ஆனால் அதற்காகப் பெரிய தாத்தா ஊரைக் கூட்டி என் தாத்தாவை விலக்கி வைத்தார். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, வண்ணார் துணி எடுக்கக் கூடாது, யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது. அப்பாவுக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். எதிர்வீட்டு அம்மாளிடம் போய்க் கையேந்தித் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் செம்பை எடுத்து வந்து, அவர் கண் முன்னாலேயே தரையில் கொட்டினாளாம். கொட்டும்போது அவளும் அழுதாளாம். அப்பா இதைச் சொல்லும்போது கையைக் குவித்துக் காட்டுவார். சாகிற வருஷம் வரைக்கும் காட்டினார்.

'தானாகப் போனார்' என்று நான் சூடம் அணைத்தால் என் அப்பாவைப் பொய்யர் என்று அம்மன் முன்னால் சொன்ன மாதிரி. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணே. துரத்தினார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் மண்ணை வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை,
பேராச்சி

&nbsp;

வாகைநேரி,
18-2-1964

தங்கை பேராச்சிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. யாவரும் சுகம். நெல் அறுப்பு முடிந்தது, பரவாயில்லை.

நிற்க. உன் கடிதம் படித்து மனசு சங்கடப்பட்டது. சித்தப்பாமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். தாகத்தில் இருந்த பிள்ளைக்குக் கொட்டின தண்ணீர்தான் ஞாபகம் இருக்கும், ஊர் கூடிப் பேசியது ஞாபகம் இருக்காது.

என் தாத்தா சொல்லி என் அப்பாவும், அப்பா சொல்லி நானும் அறிந்ததை எழுதுகிறேன். சப்பரத் தகராறு உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் நடப்பதுதான். கடைசியில் உன் தாத்தா கோயிலுக்கு வந்து, இத்தனை பேர் பார்க்க, 'நானாகத்தான் போறேன், யாரும் என்னைப் போகச் சொல்லலை' என்று தன் வாயால் சொல்லிச் சூடத்தை அணைத்தார். பெரியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அம்மன் முன்னால் ஒரு மனுஷன் பொய் சொல்வானா? உன் தாத்தா சத்தியம் செய்ததைத்தான் நீ திரும்பச் சொல்லப் போகிறாய். இதில் என்ன வந்தது.

இந்தக் கோயில் மண்டபம் என் தாத்தா கட்டியது. அவர் பேரைச் சொல்லித்தான் இந்த ஊர் இன்றைக்கும் நாலு காரியத்துக்கு ஒன்றாக நிற்கிறது. தம்பியைத் துரத்தியவர் என்று பம்பாயில் வில்லுப்பாட்டுப் படிக்க நான் மண் தர முடியாது. ஒன்றும் சொல்லாமல் வாங்குகிறேன் என்கிறாய். சொல்லாமல் விட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் வைப்பார்கள். பங்காளிகளும் அதையே சொல்கிறார்கள்.

கோபத்தில் எழுதவில்லை. யோசித்துப் பதில் எழுது.

பிரம்மநாயகம்

&nbsp;

தாராவி,
10-3-1964

அண்ணன் அவர்களுக்குப் பேராச்சி வணக்கம். சுகம், சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதத்தைக் கடை வாசலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. இங்கே உள்ளவர்கள் முக்கால்வாசிப் பேர் பிற்பாடு வந்தவர்கள். அவர்களை யாரும் துரத்தவில்லை. அதனால் அவர்களுக்கு இது பெரிதாகப் படவில்லை. "ஒரு வரிதான அக்கா, சொல்லிட்டுப் போயேன்" என்கிறார்கள். சொர்ணம்மாள் என்று விக்ரோலியிலிருந்து வருகிறவள் ஒருத்தி, "ஒன் வாய்க்கு ஒரு வார்த்த கூடக் கொறையவா போகுது? எங்க எல்லாருக்கும் சாமி இல்லாமப் பண்ணிறாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து, சாப்பிட்டு, "நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி, எனக்குச் சோறு எறங்கும்" என்றார்.

சரி என்று எழுதிவிடத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். எழுதினேன். கிழித்தேன். அப்பாவின் கை கண்ணுக்கு முன்னால் வருகிறது அண்ணே. என்னால் முடியவில்லை.

பேராச்சி

&nbsp;

வாகைநேரி,
19-4-1964

அன்பான பேராச்சிக்கு உன் மதினி முப்பிடாதி எழுதுவது. நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், கோபிக்காதே. தைலம் தீர்ந்துபோனது, இன்னொன்று அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உனக்கு அவர் பதில் போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் போடவில்லை என்பதும் தெரியும். சொல்கிறேன், சிரிக்காதே.

உன் கடிதம் வந்த பிறகு, அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் மண் கொடு, சிவப்பு வந்தால் கொடுக்காதே. வெள்ளை வந்தது. பொட்டலத்தை எடுத்த பிள்ளை இருமிவிட்டது, கணக்கில் சேராது என்றார். மறு செவ்வாய் திரும்பக் கட்டினார். வெள்ளை. அன்றைக்குக் கோயிலில் பல்லி சரியில்லாத திசையில் கத்திவிட்டதாம். மூன்றாம் செவ்வாய் பூசாரியைக் கொண்டே எடுக்கச் சொன்னார். அதுவும் வெள்ளை.

நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன், "அம்மன்கிட்டக் கேக்கேளா, இல்ல அவளுக்கு நீங்க சொல்லிக் குடுக்கேளா?" அன்றைக்குத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போகிறார், பூக்கட்டுவதில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார். பங்காளிகளிடம் வெள்ளை வந்ததையும் சொல்லவில்லை, சிவப்பு வந்ததாகப் பொய்யும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை பேராச்சி. தாத்தா பேரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர்.

நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொடுக்காதே.

மதினி,
முப்பிடாதி

&nbsp;

தாராவி,
3-5-1964

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை பேராச்சி வணக்கம். இங்கே வெயில் தாங்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கருப்பட்டி விற்றால் கருப்பட்டியும் நானும் சேர்ந்து உருகுகிறோம். மற்றபடி சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நிற்க. நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். தாத்தா சூடம் அணைத்தது நிஜமாகத்தான் இருக்கும். நான் இப்போது நம்புகிறேன். அப்பா அதைச் சொன்னதில்லை. ஒன்று அவருக்குத் தெரியாது, இல்லையென்றால் சொல்ல மனசு வரவில்லை. நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அதனால் உங்களிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை.

ஆனால் அண்ணே, ஒன்று கேட்கிறேன். வீட்டில் தண்ணீர் இல்லை, அடுப்பில் நெருப்பு இல்லை, பிள்ளை தெருவில் கையேந்தி நிற்கிறது. அப்போது ஒரு மனுஷனைக் கோயிலுக்குக் கூப்பிட்டு 'நானாகத்தான் போறேன்னு சொல்லு' என்றால் அவன் வேறு என்ன சொல்வான்? அவன் வாயிலிருந்து வந்தது சரி. அவன் மனசிலிருந்து வந்ததா?

உங்களுக்கு இது புரியாமல் இருக்காது. ஏனென்றால் இப்போது நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். அன்றைக்குப் பெரிய தாத்தா கையில் கிணறு இருந்தது. இன்றைக்கு உங்கள் கையில் மண் இருக்கிறது. 'தானாகப் போனார்' என்று நான் சொன்னால்தான் மண். நான் மண்ணுக்காகச் சொல்லிவிட்டால், நாளைக்கு உங்கள் பேரன் என் பேத்திக்கு எழுதுவான், 'உன் ஆச்சி பேராச்சியே சூடம் அணைத்துச் சொன்னாள், அம்மன் முன்னால் பொய் சொல்வாளா' என்று.

இது நான் மனசு நொந்து எழுதுவது இல்லை. இதை எழுதிய பிறகு எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. மண் வேண்டாம் அண்ணே. தராததற்கு உங்கள்மேல் வருத்தம் கிடையாது. நீங்கள் எப்போதும் போல எனக்குக் கடிதம் போட வேண்டும், அது மட்டும் நிற்கக் கூடாது.

தங்கை,
பேராச்சி

&nbsp;

வாகைநேரி,
9-6-1964

பேராச்சிக்கு அண்ணன் ஆசி. கார்டில் இடமில்லை. நேருஜி தவறிய செய்தி கேட்டு இங்கே கடைகளெல்லாம் அடைத்துவிட்டார்கள். பம்பாயிலும் அப்படித்தான் இருந்திருக்கும். சாரல் காற்று ஆரம்பித்துவிட்டது. உன் மதினி சுகம். உன் கடிதம் கிடைத்தது.

பிரம்மநாயகம்

&nbsp;

தாராவி,
28-6-1964

அன்புள்ள மதினிக்குப் பேராச்சி எழுதுவது. தைலம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று என் அண்ணனுக்கு, அவருக்கு வலி எங்கே என்று அவர் சொல்ல மாட்டார். கார்டு வந்தது. 'உன் கடிதம் கிடைத்தது' என்று எழுதியிருந்தார். அந்த மூன்று வார்த்தைக்கு அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இங்கே மழை கொட்டுகிறது. சந்தில் முழங்கால் தண்ணீர். அதற்கு நடுவிலும் எங்கள் ஆட்கள் பீடம் கட்டிவிட்டார்கள் மதினி. மண் வரப்போவதில்லை என்று நான் சொன்னதும் நாலு நாள் என் கடையில் ஒருத்தரும் சாமான் வாங்கவில்லை. பாண்டுப்பிலிருந்து வருகிற ஒருவர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். "அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். ராத்திரியோட ராத்திரியா ஒரு பிடி அள்ளிட்டு வந்திருதேன். மண்ணுல யாரு பேரா எழுதியிருக்கு?" எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்னேன், "அவுக குடுக்காம நாம எடுத்தா அது களவு. எங்க அண்ணன் என் வாயில வார்த்தய வைக்கப் பாத்தாரு. அது தப்புன்னு சொல்லிக்கிட்டு, அவரு மண்ண அவருக்குத் தெரியாம நான் எடுக்கவா?" மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் பேசினார். "அவ சொல்றது பக்கா" என்றார். அதோடு முடிந்தது.

பக்கத்துக் கும்பார்வாடாக் குயவர்கள் ஒரு மண்விளக்குச் செய்து கொடுத்தார்கள். பீடத்தின்மேல் அதை மட்டும் ஏற்றுகிறோம். சொர்ணம்மாள்தான் இப்போது முதல் ஆளாக வந்து எண்ணெய் ஊற்றுகிறாள். கொடை ஆடி கடைசிச் செவ்வாய். செம்பூரிலிருந்து வில்லுக்காரர் வருகிறார். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் மதினி, நிஜமாக. ஒரு கை மண் இருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

பேராச்சி

&nbsp;

வாகைநேரி,
21-7-1964

அன்புத் தங்கை பேராச்சிக்கு அண்ணன் பிரம்மநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. மழையில் நனையாதே.

நிற்க. உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதத் தெரியாமல் இல்லை. உன் மதினி உனக்கு எழுதியதும் எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று நீ எழுதும்போதே தெரிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை பங்காளிகளைக் கூட்டினேன். மண்டபத்தில் உட்கார்ந்து, "பேராச்சிக்கு மண் குடுக்க வேண்டாம்னு நெனைக்கேன், என்ன சொல்லுதீங்க?" என்றேன். சரி என்றார்கள். கொஞ்சம் காப்பி குடித்துவிட்டு, "இல்ல, குடுத்துரலாம்னு தோணுது, என்ன சொல்லுதீங்க?" என்றேன். அதே ஆட்கள், அதே மாதிரி சரி என்றார்கள். ஒருத்தர் முகத்தில்கூட ஒரு சுருக்கம் இல்லை.  இருபது வருஷமாக இந்த மண்டபத்தில் எல்லோரும் என் பேச்சுக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எல்லோரும் போன பிறகு பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தார், அவரிடம் தனியாகக் கேட்டேன், "அண்ணாச்சி, நெசமா ஒங்களுக்கு என்ன தோணுது?" அவர் சிரித்தார். "எங்க கெணறு வத்திப் போச்சுப்பா. ஒங்க தோட்டத்துத் தண்ணிய நம்பிப் பயிரு வச்சிருக்கேன். எனக்கு என்னத்தத் தோணும்?" என்றார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

மண் எடுத்துவிட்டேன். நானே கொண்டு வருகிறேன். எந்த நிபந்தனையும் இல்லை, நீ எதையும் சொல்ல வேண்டாம். என் தாத்தா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, நான் அப்போது பிறக்கவில்லை. அதைப் பற்றி அங்கே யாரும் என்னிடம் பேச்செடுக்காமல் இருந்தால் நல்லது. இதை நான் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். மதராஸ் மெயிலில் வருகிறேன், தாதர் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை வரச் சொல்.

உன் அண்ணன்,
பிரம்மநாயகம்

&nbsp;

தாராவி,
13-8-1964

அன்புள்ள முப்பிடாதிக்கு எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ வேளைக்கு மருந்து சாப்பிடுகிறாயா. தைலம் இன்னும் நாலு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறாள் உன் நாத்தனார்.

பிடிமண் கலயத்தைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் திருநெல்வேலி தொடங்கித் தாதர் வரைக்கும் மடியில் வைத்தேதான் வந்தேன். தூங்கினதும் உட்கார்ந்தபடிதான். பக்கத்தில் இருந்தவர் ஊறுகாய் என்று நினைத்து, 'எலுமிச்சையா, மாங்காயா' என்று கேட்டார். அம்மன் என்றேன். அவர் எழுந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டேஷனில் மாப்பிள்ளை கலயத்தை வாங்கிக்கொண்ட பிறகும் என் கை மடங்கியே இருந்தது.

பேராச்சி என் காலில் விழப் பார்த்தாள், நான் விடவில்லை. இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவர்கூட இல்லை, ஒரு தகரம்தான். ஆனால் யார் வாசலில் என்ன சமைத்தாலும் எனக்கு ஒரு தட்டு வந்துவிடுகிறது. நான் நன்றாகத் தின்கிறேன், கவலைப்படாதே.

செவ்வாய்க்கிழமை கொடை. மழை விட்டு விட்டுப் பெய்தது, தார்பாய் கட்டியிருந்தார்கள். மண்ணைப் பீடத்தில் வைத்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். பேராச்சி அழுதாள். நானும் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

பிறகு வில்லு. செம்பூர்க்காரர் நன்றாகவே பாடினார். அம்மன் வரலாறு பாடி, வாகைநேரி பாடி, 'அங்கிருந்து ஒரு குடும்பம் பம்பாய் வந்ததுவே' என்று ஒரே வரியில் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போனார். ஏன் வந்தது, எப்படி வந்தது, ஒன்றும் இல்லை. எனக்காகப் பேராச்சி சொல்லி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ரோஷன் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தன் இருந்தான். பேராச்சி கடைக்கு எதிரே சைக்கிள் ரிப்பேர் பண்ணுகிறவன். தமிழ் சரியாக வராது. அவன் சும்மா, அறிந்துகொள்கிற ஆசையில் கேட்டான், "அரே, ஊர்ல சாமி இருக்கு, நிலம் இருக்கு, எல்லாம் இருக்கு. அப்புறம் க்யூன், ஏன் வந்தாங்க அவங்க?" வில்லுக்காரர் கை நின்றுவிட்டது. பேராச்சி சட்டென்று, "மழ வருது, தார்பாய இழுத்துக் கெட்டுங்க" என்றாள். மழை வரவில்லை.

முப்பிடாதி, என்னிடம் அவன் கேட்கவில்லை. கேட்டதுகூட இன்னாரிடம் என்று இல்லை. நான்தான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"எங்க தாத்தா பூலோகம்தான் அவுகளைத் தொரத்தினாரு" என்றேன். "சப்பரம் எந்த வாசல்ல நிக்கணும்னு ஒரு சண்டை. அதுக்குத் தம்பி வீட்டுக்குத் தண்ணிய நிறுத்திப்போட்டு, நானாத்தான் போறேன்னு அவுக வாயாலயே சொல்ல வச்சாரு. அப்பிடித்தான் வந்தாங்க."

 ரோஷன், "அச்சா" என்று மட்டும் சொன்னான். பிறகு வில்லுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே ராகத்தில் போட்டுப் பாடினார். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தாத்தாவின் நல்ல பேர் அந்தத் தார்பாய்க்குக் கீழேயே போய்விட்டது. மண்டை வெடித்துவிடும் என்று நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. பசித்தது.

எல்லாம் முடிந்து பந்தியில் எனக்குச் சோறு போடும்போது பேராச்சி குனிந்து மெதுவாகச் சொன்னாள், "அண்ணே, நீங்க சொல்லணும்னு நான் கேக்கவே இல்லியே."

"கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். பங்காளிகளிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்லிக்கொள்கிறேன்.

பிரம்மநாயகம்